அறைக்குள் எல்லாம் பத்திரமாக இருக்கிறது

1

இந்தக் கதை இரண்டு பக்கக் கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. யாழ்ப்பாணத்து வீடுகளில் தனியாட்கள் சேர்த்து வைத்திருக்கும் பொருட்களைப் பற்றி, படங்களோடு ஒரு சிறுநூல் போடப்போவதாக நண்பர்கள் சொன்னார்கள். ஒருவருக்குப் பழைய பூட்டுகள் கிடைத்தன. இன்னொருவருக்கு முத்திரைகள். எனக்கு அரியாலையில் குகதாசன் வீடு கிடைத்தது: வடபகுதி மெல்லிசைக் கோஷ்டிகளின் ஒலிநாடாக்கள், இசைத்தட்டுகள், நோட்டீசுகள், மேடை உடுப்புகள். "என்ன இருக்கு, எப்பிடிப் பாதுகாக்கிறார், அவ்வளவுதான்" என்றார்கள்.

நான் எழுதிய முதல் வசனம்: "குகதாசன் ஓர் அபூர்வ மனிதர்."

(அடித்துவிட்டேன். இப்படியான நூல்களில் வரும் எல்லோருமே அபூர்வ மனிதர்கள்தான்.)

அடுத்தது: "காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையின் சங்கு ஊதி ஓய்ந்ததும், தொழிலாளர் விடுதியிலிருந்து ஒரு குரல் —"

(இதையும். அந்தச் சங்கை நான் கேட்டதில்லை. ஆலை மூடியபோது எனக்கு எழுத்தே தெரியாது. பாட்டைப் பற்றிய கதையை, கேட்காத ஒரு சத்தத்தோடு தொடங்க மனம் வரவில்லை.)

மூன்றாவது தொடக்கம் இதுதான். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேகரிப்பு அழிந்துவிட்டது. தப்புமா தப்பாதா என்று நீங்கள் பதைக்க வேண்டியதில்லை. அழிந்த பிறகு இரண்டு பேர் என்ன செய்தார்கள் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

பெயர்களை மாற்றியிருக்கிறேன். அரியாலையை மாற்ற முடியவில்லை. எனக்குத் தெரிந்த தண்ணீர் அங்கேதான் வந்தது.

2

குகதாசனுக்கு அறுபத்தாறு வயது. இளவயதில் சீமெந்து ஆலையில் மின்பகுதியில் வேலை செய்தவர். ஆலைத் தொழிலாளர்கள் சிலர் சேர்ந்து 'வெண்சுருதி' என்ற கோஷ்டியை நடத்தினார்கள். கோயில் திருவிழா, கலியாண வீடு, பள்ளிக்கூடத்துக்கு நிதி சேர்க்கும் கச்சேரி, எங்கே கூப்பிட்டாலும் போவார்கள். குகதாசன் டிரம்ஸ் அடித்தார். பாடியவர் முருகேசு. தானே எழுதி, தானே மெட்டுப் போட்டுப் பாடுவாராம். சண்டை தொடங்கக் கோஷ்டி கலைந்தது. தொண்ணூறாம் ஆண்டு ஷெல் விழுந்து முருகேசு இறந்தார். மகள் நிவேதனா அப்போது கைக்குழந்தை. தாய் அவளைத் தூக்கிக்கொண்டு நோர்வேக்குப் போய்விட்டார்.

முருகேசுவின் குரல் ஸ்பூல்களில் மட்டுமே இருந்தது. கசெற்றுக்கு முந்திய, சாப்பாட்டுத் தட்டு அளவான ஒலிநாடாச் சுருள்கள் அவை. குகதாசன் அவற்றைச் சிவப்புத் தகரப் பெட்டியொன்றில் வைத்திருந்தார். தொண்ணூற்றைந்தில் சண்டை நெருங்கி எல்லோரும் யாழ்ப்பாணத்தை விட்டுத் தென்மராட்சிக்கு ஓடியபோது அந்தப் பெட்டியும் ஓடியது. "பெட்டி சைக்கிளிலை வந்தது, பெண்சாதி காலாலை நடந்து வந்தன்" என்று அவருடைய மனைவி உதயகலா எனக்கு முதல் நாளே சொல்லிவிட்டார். குகதாசன் சிரித்தார். உதயகலா சிரிக்கவில்லை.

நான் போனது ஆவணி மாதம். அறை வீட்டின் பக்கவாட்டில், கல்நார்ச் சீற்றுக் கூரையின் கீழ் இருந்தது. சப்பாத்துப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்களைத் தெருத்தெருவாகக் கடைகளில் கேட்டு வாங்கி, வெயிலில் சூடாக்கி, தட்டுத் தட்டாகப் பரப்பியிருந்தார். இசைத்தட்டுகள் மேல் தட்டில் நிமிர்ந்து நின்றன. ஒவ்வொரு நோட்டீசுக்கும் இடையில் எண்ணெய்த்தாள். முருகேசு மேடையில் போட்ட வெல்வெட் கோட்டை வேட்டித் துணியில் சுற்றித் தொங்கவிட்டிருந்தார். சிவப்புப் பெட்டி மட்டும் கீழ்த்தட்டில், நிலத்தோடு.

"வெக்கை மேலைதான் நிக்கும் பிள்ளை. ரேப்புக்கு, இந்த நாடாவுக்கு, வெக்கை கூடாது. நிலம் எப்பவும் குளிர்ச்சி."

ஸ்பூல் ஓட்டும் பழைய ரேப் மெசினில் எனக்காக ஒரே ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினார். ஒவ்வொரு தரம் ஓடும்போதும் நாடா தேய்கிறது என்பதால் வருடத்துக்கு ஒருமுறைதான் போடுவாராம். நான் கைபேசியை எடுத்தேன். கையால் மறித்தார்.

"போனிலை பிடிக்காதையும். தகரச் சத்தமாத்தான் வரும். முருகேசு அப்பிடிக் கேக்கக்கூடாது. சித்திரைக்குப் பிறகு கொழும்பிலையிருந்து ஒராள் வந்து முறையாக் கொப்பி எடுக்கப்போறார். அப்ப உமக்கும் தாறன்."

"ஓம், சித்திரை" என்றார் உதயகலா, அடுப்படியிலிருந்து. "எத்தினையாவது சித்திரை எண்டு கேளும் பிள்ளை. உந்தக் குப்பை நிண்ட இடத்திலை ஒரு கட்டில் போட்டிருந்தா மகன் வரேக்கை படுக்கலாம்."

"குப்பையோ?"

"வேறை என்ன?"

அவர்கள் சண்டை பிடிக்க, முருகேசு பாடிக்கொண்டிருந்தார். அவருடைய குரல் —

அவருடைய குரல் ஈர மணலில் —

அந்தக் குரலைக் கேட்டால் —

(மூன்றையும் அப்படியே விட்டு வைக்கிறேன். உங்களுக்குத் தெரிய வேண்டும். அந்தக் குரலைக் கடைசியாகக் கேட்டவர்களில் நான் ஒருத்தி. என்னிடம் எழுத்து மட்டும்தான் இருக்கிறது. எழுத்தில் அது ஏறவில்லை.)

3

ஐப்பசியில் குகதாசனின் காலில் ஒரு புண் வந்தது. நீரிழிவுக்காரர். பெரியாஸ்பத்திரியில் காலை முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டி வந்தது. மகன் மயூரதன் கட்டாரில் வேலை, லீவு கிடைக்கவில்லை. உதயகலா காலையில் வீட்டில் சமைத்து, பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்து, பொழுதுபடத் திரும்புவார். இடையில் கிடைக்கும் நேரத்தில் தையல். அயலிலுள்ள பெண் பிள்ளைகளின் பள்ளிச் சட்டைகள் எல்லாம் அவர் தைப்பவைதான். குகதாசனின் மருந்தும் அந்த மெசினால்தான் வந்தது.

கார்த்திகையில் மழை விடாமல் பெய்தது. ஒரு காலை உதயகலா எழும்பிக் காலை வைத்தபோது நிலம் தண்ணீராக இருந்தது. கடல்நீரேரிப் பக்கமிருந்து வருகிறதா, வீட்டுக்கு முன்னாலுள்ள ஒழுங்கை வழியாக வருகிறதா என்று தெரியவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கவே கணுக்காலைத் தாண்டியது. வீட்டில் உயரமாக இருந்தது ஒரே ஒரு பலகை மேசை.

முதல் வரைவில் இந்த இடத்தில் நான் ஒரு கிழவியை வைத்தேன். அயல்வீட்டில் நடக்கமாட்டாத கிழவி. உதயகலா அவரைத் தூக்கப் போனதால் அறையைக் காப்பாற்ற முடியவில்லை என்று எழுதினேன். எழுதி முடித்து, இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன். பிறகு கிழித்தேன். கிழவி ஒருவரும் இல்லை. உதயகலாவை உங்களிடமிருந்து காப்பாற்றுவதற்காக நான் செய்த கிழவி அது.

நடந்தது இது. மேசையில் ஒரு பாரமான பொருளுக்குத்தான் இடம் இருந்தது. தண்ணீருக்குள் நின்று உதயகலா அறையின் கதவைப் பார்த்தார். தையல் மெசினைப் பார்த்தார். மெசினின் தலையைக் கழற்றி, மூச்சு வாங்க வாங்க மேசையில் ஏற்றினார். அதற்கு மேல் அரிசிச் சாக்கு. அதற்குப் பிறகுதான் அறைக்குப் போனார். கதவைத் திறந்தபோது சிவப்புப் பெட்டி தண்ணீருக்குக் கீழே இருந்தது.

"மறந்து போகேல்லைப் பிள்ளை" என்றார் என்னிடம், பல வாரங்கள் கழித்து. "பயந்து பதகளிச்சு விட்டிட்டன் எண்டும் சொல்லேலாது. எனக்கு வடிவாத் தெரியும். தெரிஞ்சுதான் மெசினைத் தூக்கினனான்."

4

தண்ணீர் வடிய நாட்கள் எடுத்தன. வடிந்தபின் உதயகலா தனக்குத் தெரிந்தபடி எல்லாவற்றையும் மீட்கப் பார்த்தார். ஸ்பூல்களைச் சேறு போகக் கிணற்றுத் தண்ணீரில் அலசினார். நாடாவின் மேலிருந்த மண்ணிறப் பூச்சு விரல்களோடு வந்தது. உதறினால் தேத்தண்ணிச் சாயம்போல் வாளிக்குள் இறங்கியது. நோட்டீசுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு றாத்தல் பாண் மாதிரிக் கட்டியாகியிருந்தன. பிரிக்கப் பிரிக்கக் கூழாயின. மேல் தட்டிலிருந்த இசைத்தட்டுகளைத் தண்ணீர் தொடவில்லை. ஈரம் மட்டும் பிடித்திருந்தது. அவற்றை முற்றத்தில் பாய் விரித்து, கொதிக்கிற வெயிலில் காயப் போட்டார். மத்தியானம் போய்ப் பார்த்தபோது எல்லாம் வளைந்து அப்பச்சட்டிபோல் கிடந்தன.

தண்ணீரில் போனது தண்ணீரில் போனது. இசைத்தட்டுகளைத் தன் கையாலேயே அழித்ததை அவர் எனக்குச் சொல்லும்போது இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

அன்று பின்னேரம், வெள்ளத்தால் நின்றிருந்த பஸ் மறுபடி ஓடவே, ஆஸ்பத்திரிக்குப் போனார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாராம், "எல்லாம் போச்சுதப்பா" என்று. கட்டிலில் குகதாசன் காய்ச்சலோடு கிடந்தார். வெட்டிய இடம் ஆறவில்லை. தாதி ஒருத்தி, மனத்தாக்கம் எதையும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தாள்.

"கலா, வீட்டுக்குள்ளை தண்ணி வந்ததோ?"

"வாசல் படியோடை நிண்டிட்டுது."

"சிவப்புப் பெட்டி?"

"கிடக்கு."

"நனையேல்லைத்தானே?"

"இல்லையப்பா."

குகதாசன் கண்ணை மூடினார். பிறகு மூடியபடியே சொன்னார்: "ஈரக்காத்து அடிக்கும். அந்தப் பொட்டலங்களை எடுத்துச் சட்டியிலை போட்டு வறுத்து வை."

"ஓம்."

அடுத்த நாள்: "ஸ்பூல் எல்லாம் நிமிந்துதானே கிடக்கு? படுக்க வைச்சா ரேப் ஒரு பக்கம் சரிஞ்சிடும்."

"நிமித்தித்தான் வைச்சிருக்கிறன்."

அதற்கடுத்த நாள்: "வெல்வெட் கோட்டைப் பூச்சி அரிக்கும். ஒருக்கா உதறிவிடு. வெயிலிலை போடாதை, நிறம் போயிடும்."

"நிழலிலைதான் போட்டனான்."

உதயகலா ஒவ்வொரு நாளும் சோற்றுப் பார்சலோடு போய், இல்லாத பொருட்களுக்குச் செய்யவேண்டிய கவனிப்பைக் கேட்டு, செய்ததாகச் சொல்லிவிட்டு வந்தார். வாழ்நாளில் முதல் தடவையாக, எந்தப் பொருளை எப்படி வைக்க வேண்டும் என்று ஒழுங்காகப் படித்தார். வெயில் இசைத்தட்டுக்கு ஆகாது என்பதையும் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்திலிருந்துதான் தெரிந்துகொண்டார்.

குகதாசன் வீட்டுக்கு வரும் தேதி முடிவானதும் உதயகலா எல்லாவற்றையும் வெள்ளக் குப்பையோடு ஒழுங்கையில் வைத்தார். டிராக்டர் வந்து ஏற்றிக்கொண்டு போனது. கோட்டை மட்டும் எடுத்து வைக்கலாமா என்று நினைத்தாராம். சேறு ஊறி அது நாறியது. அதையும் போட்டுவிட்டு அறையைப் பூட்டினார்.

5

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். வாசகருக்கும் வரும். வீட்டுக்கு வந்த குகதாசன் ஏன் அறையைத் திறக்கச் சொல்லவில்லை?

கதை எழுதுகிறவள் என்ற முறையில் நான் இதற்குக் காரணம் கண்டுபிடித்தேன்: சக்கர நாற்காலி அந்தக் கதவுக்குள் நுழையாது. (உண்மையில் நுழையும். அளந்து பார்த்தேன்.) அவர் சொன்ன காரணம் வேறு. "ஆள் போய் வந்தா ஈரமும் போய் வரும். பூட்டிக் கிடக்கட்டும் கலா. நீ மட்டும் வெள்ளிக்கிழமையிலை ஒருக்காப் போய்ப் பார். போதும்."

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் உதயகலா துடைப்பத்தோடு உள்ளே போவார். கதவைச் சாத்துவார். வெளியே விறாந்தையில் குகதாசன் இருப்பார்.

"உள்ளுக்கை என்ன செய்வீங்கள்?" என்று உதயகலாவைக் கேட்டேன்.

"சும்மா நிப்பன். கெதியா வெளியிலை வந்தா நம்பமாட்டார்."

ஒரு முறை என்னையும் உள்ளே கூட்டிப்போனார். வெறும் இரும்புத் தட்டுகள். சுவரில் என் தொடையளவுக்கு ஒரு மண்ணிறக் கோடு. நாங்கள் இருவரும் நடுவில் நின்றோம். அவர் இடைக்கிடை துடைப்பத்தால் தட்டுகளைத் தட்டினார், சத்தம் கேட்கட்டும் என்று.

6

ஆடி மாதம் நிவேதனா நோர்வேயிலிருந்து வந்தாள். அவள் பல வருடங்களாகக் குகதாசனோடு தொலைபேசியில் கதைப்பவள். தகப்பனின் குரல் அவளுக்கு ஞாபகத்தில் இல்லை. தாய் இறந்த பிறகு அதைக் கேட்டே ஆகவேண்டும் என்று ரிக்கற் எடுத்தாள். தொலைபேசியில் அனுப்பினால் போதும் என்று முன்பு எத்தனையோ தரம் கேட்டிருக்கிறாள். "நேரை வந்து கேள் பிள்ளை, அதுதான் முறை" என்று குகதாசன் மறுத்திருக்கிறார்.

குகதாசன் என்னையும் அன்று வரச் சொல்லியிருந்தார். மானிப்பாயில் என் வீட்டிலிருந்து பஸ்ஸில் வந்தேன். உதயகலா எனக்குத் தெரியாமல் அழுதிருக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. இன்றைக்கு எல்லாம் உடையப் போகிறது என்று நாங்கள் இருவரும் நினைத்தோம்.

நிவேதனா விறாந்தையில், நாற்காலியின் நுனியில் இருந்தாள். குகதாசன் தொண்டையைச் சரிசெய்தார்.

"ஒரு பிழை நடந்துபோச்சுது பிள்ளை. ரேப் மெசின்ரை பெல்ட் அறுந்திட்டுது. கொழும்பிலை சொல்லி வைச்சிருக்கு. இன்னும் வரேல்லை."

அடுப்படி வாசலில் தேத்தண்ணித் தட்டோடு நின்ற உதயகலாவைப் பார்த்தேன். அவரும் என்னைத்தான் பார்த்தார். அந்த ரேப் மெசின் வெள்ளத்தில் போனது. பெல்ட்டைப் பற்றி அவர் கணவனிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லை.

நிவேதனா பூட்டிய கதவைப் பார்த்தாள். "பரவாயில்லை மாமா. பாட்டுக் கேக்காட்டிலும் பரவாயில்லை. அந்த ரேப்பை ஒருக்காத் தொட்டுப் பாக்கலாமோ?"

"கையிலை வேர்வை இருக்கும் பிள்ளை. தொட்டா பழுதாப் போயிடும்."

அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். பாவாடையில் துடைத்தாள். பிறகு, துடைத்தாலும் போதாது என்று விளங்கியவள்போலக் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எப்பிடி மாமா இருக்கும் அப்பான்ரை குரல்?"

குகதாசன் நாற்காலிப் பிடியில் விரல்களால் தாளம் போட்டார். நல்ல தாளம். நெடுநேரம் போட்டார். பாட்டு அதற்குள் வரும் என்று அவரே எதிர்பார்த்திருந்தார் போலிருக்கிறது. வாயைத் திறந்தார். முதல் சொல் வரவில்லை. விரல்கள் நின்றன.

"எனக்குத் தாளம்தான் பிள்ளை ஞாபகம். நான் அவன்ரை முதுகுக்குப் பின்னாலைதானே இருந்தனான்."

அவர் என் பக்கம் திரும்பினார். நிவேதனாவும் திரும்பினாள். நான் கேட்டவள் என்று அவளுக்குத் தெரியும். நான் எழுதுகிறவள் என்றும் தெரியும்.

"நல்ல குரல்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். போகும்போது நிவேதனா பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டாள்.

7

உதயகலா அவளை ஓட்டோவில் ஏற்றிவிடப் போனார். விறாந்தையில் நானும் குகதாசனும் மட்டும்.

"உமக்குத் தெரியும், என்ன?" என்றார்.

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"எனக்கு ஆஸ்பத்திரியிலையே விளங்கீட்டுது. கலியாணம் கட்டின நாள் துவக்கம் உந்த அறையைப் பற்றி நான் வாய் திறந்தாச் சண்டை. அண்டைக்கு நான் சொன்ன எல்லாத்துக்கும் ஓம் எண்டவ. ஒரு ஏச்சுக்கூட இல்லை. ஏசாத உடனை நினைச்சன், ஒண்டும் மிஞ்சேல்லையெண்டு."

"பிறகேன் ஒவ்வொரு நாளும் கேட்டனீங்கள்?"

"முதல் கோபத்திலைதான் கேட்டனான். எவ்வளவு தூரம் பொய் சொல்லுறாய் பாப்பம் எண்டு." அவர் காலில்லாத பக்கத்துச் சாரத்தை இழுத்துச் சரிசெய்தார். "பிறகு, அவ நிமித்தி வைச்சிருக்கிறன் எண்டு சொல்லேக்கை, எனக்கு அது நிமிந்து கிடக்கிறது தெரியும். கண்ணாலை காணுற மாதிரி. அவ சொல்லாட்டில் அதுவும் இல்லை."

"தையல் மெசினைப் பற்றி…"

"கண்டனான். ஊரெல்லாம் துருப்பிடிச்சுக் கிடக்க, அது மட்டும் புதுசு மாதிரி ஓடுது. அதிலைதானே எனக்கு ஊசிமருந்து வருது." பிறகு சொன்னார்: "நான் வீட்டிலை நிண்டிருந்தா பெட்டியைத்தான் தூக்கியிருப்பன். மெசினை விட்டிருப்பன். அவ நிலைதடுமாறி விழுந்தாலும் முதல் பெட்டியைத்தான் வைச்சிருப்பனோ எண்டும் யோசிச்சிருக்கிறன்."

"அவவை மன்னிச்சிட்டீங்களோ?"

"அதைக் கேளாதையும்."

படலை திறந்த சத்தம் கேட்டது. அவர் குரலைத் தாழ்த்தினார். "எனக்குத் தெரியுமெண்டு அவவிட்டைச் சொல்லிப்போடாதையும்."

குகதாசனுக்குத் தெரியும் என்பது தனக்கும் தெரியும், அதை அவரிடம் சொல்லிவிடாதே என்று, ஓட்டோவுக்குப் போகுமுன் உதயகலாவும் என்னைக் கேட்டிருந்தார்.

8

ஒரு முடிவு: உதயகலா சொல்லிவிடுகிறார். இருவரும் அழுகிறார்கள். அறையில் கட்டில் போடுகிறார்கள். (எழுதிப் பார்த்தேன். சொன்ன பிறகு அந்த வீட்டில் ஒருவரோடொருவர் கதைக்க என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. கட்டிலுக்கு மேல் எழுத முடியாமல் நின்றுவிட்டது.)

இன்னொன்று: எங்கோ ஒரு பிரதி கிடைக்கிறது. இதை நீங்கள் விரும்புவீர்கள். நானும் விரும்பினேன், விரும்பித் தேடவும் செய்தேன். வெண்சுருதிக் கச்சேரி பிடித்த கசெற் என்று மானிப்பாயில் ஒருவர் ஒன்றைத் தந்தார். பழைய பிளேயர் ஒன்றை இரவல் வாங்கிப் போட்டேன். ஒரு பக்கத்தில் யாருடையதோ கலியாண வீடு. மறுபக்கத்தில் இரைச்சல். அந்த இரைச்சலைக் கடைசிவரை கேட்டேன். முருகேசு அதில் இல்லை.

மூன்றாவது: நான் இதை எழுதாமல் விடுகிறேன். அதற்கு இப்போது நேரம் கடந்துவிட்டது. அச்சில் வந்தால் உதயகலா வாசிப்பார். தையலுக்கிடையில் கையில் அகப்படும் எதையும் வாசிப்பவர் அவர். பெயர் மாறியிருந்தால் என்ன, தன் மெசினை அவருக்குத் தெரியாதா? வாசித்து முடித்ததும் மடித்து ஒளிப்பாரா, கணவனின் மடியில் போடுவாரா? இந்தப் பந்தியை எழுதுவதற்காக நான் அவரை நினைத்துப் பார்க்கும்போது, அவர் வாசித்துக்கொண்டே இருக்கிறார், தலை நிமிர்த்தவில்லை.

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. நீங்கள் எப்போதாவது அரியாலைப் பக்கம் போனால், அந்த வீட்டுக்கு ஆட்கள் இன்னும் போகலாம். குகதாசனுக்கு வருகிறவர்களைப் பிடிக்கும். உட்காரச் சொல்வார். ஆலையைப் பற்றி, கோஷ்டியைப் பற்றி, முருகேசுவைப் பற்றிக் கதைப்பார். உதயகலா தேத்தண்ணி கொண்டுவருவார். வெள்ளிக்கிழமையாக இருந்தால், ஒருத்தருக்கு மேல் போனால் ஈரம் கூடும் என்று சொல்லி, உங்களை மட்டும் உள்ளே கூட்டிப்போய், கதவைச் சாத்தி, கொஞ்ச நேரம் நிற்கவைத்து, வெளியே கொண்டுவருவார்.

அப்போது குகதாசன் உங்களைக் கேட்பார்: "எப்பிடி, எல்லாம் வடிவாக் கிடக்கோ?"

நீங்கள் வாய் திறக்கும்வரை இருவரும் உங்களையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.